சிறை மீண்டவர்கள் வரையும் படங்கள்



இந்த மாத உரையில் சிறையிலும் தடுப்பு முகாமிலும் இருந்து வெளியே வந்தவர்கள் படைக்கும் கலையைப் பற்றிக் கதைக்கலாம் என்று எண்ணினேன். எம்மவர் வீடுகளில் இது தொலைதூரச் சங்கதி அல்ல. வெலிக்கடை, பூசா, களுத்துறை என்ற பெயர்கள் சில குடும்பங்களுக்கு ஊர்ப் பெயர்கள் போலப் பழகியவை. 2009இல் மெனிக் பாம் உட்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். அப்படி இருந்துவிட்டு வந்த ஒருவர் இன்று நொஷாட்டலிலோ பேர்ணிலோ வேலைக்குப் போய்வருகிறார், பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறார், சிரித்துக் கதைக்கிறார். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு சொல்லும் வராது.

கலை அவருக்கு ஏதும் செய்யுமா? கலை மனிதனை விடுதலை செய்யும் என்று மேடைகளில் இலகுவாகச் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை, எங்கே அது நின்றுவிடுகிறது என்பதை எமது மாநிலத்தின் எல்லையிலிருந்தே பார்ப்போம்.

நொஷாட்டல் மாநிலத்தின் மேற்குக் கரையில், வால் ட த்ராவேர் பள்ளத்தாக்குக்கு மேலே, லே வெரியேர் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அதற்கு அப்பால் பிரான்ஸ். 1871 பெப்ரவரியில், கடும் பனிக்காலத்தில், போரில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி பூர்பாக்கியின் படையினர் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு இந்த எல்லைப் பகுதியால்தான் சுவிசுக்குள் வந்தார்கள். ஏறத்தாழ 87,000 பேர். லூசேர்ன் நகரில் இன்றும் பார்க்கக்கூடிய பூர்பாக்கி வட்ட ஓவியம் காட்டுவது இந்த லே வெரியேர் காட்சியைத்தான்.

அது நடந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1873 யூலையில், அதே லே வெரியேர் வழியாக இன்னொரு மனிதர் சுவிசுக்குள் வந்தார். அவர் பெயர் குஸ்தாவ் கூர்பே. பிரான்சின் பெரும் ஓவியர்களில் ஒருவர். அப்போது அவர் சிறை சென்று மீண்டவர், அரசாங்கம் சொத்துகளைப் பறிக்கத் தொடங்கியிருந்த ஒரு மனிதர். இன்றைய சொல்லில் சொன்னால் அகதி.

அவர் ஏன் சிறைக்குப் போனார்? 1871 வசந்த காலத்தில் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து தங்களுக்கென்று ஒரு மக்களாட்சியை அமைத்தார்கள். பாரிஸ் கொம்யூன் என்று அதைச் சொல்வார்கள். கூர்பே அதில் ஒரு பிரதிநிதியாக இருந்தார். அந்த ஆண்டு மே 16ஆம் திகதி, நெப்போலியனின் போர் வெற்றிகளைப் போற்றி எழுப்பப்பட்ட வந்தோம் தூணைக் கொம்யூன் இடித்து வீழ்த்தியது. அந்த மாத முடிவுக்குள் கொம்யூன் இரத்தத்தில் நசுக்கப்பட்டது. யூன் மாதத்தில் கூர்பே கைதானார். இராணுவ நீதிமன்றம் அவருக்கு 6 மாதச் சிறையும் 500 பிராங் தண்டமும் விதித்தது. பாரிசில் சென்ட் பெலாஜி என்ற சிறையில் அவர் அடைக்கப்பட்டார்.

சிறையில் அவர் வரைந்தவை நாம் எதிர்பார்ப்பவை அல்ல. மேல்மாடியிலிருந்து பாரிஸ் நகரத்தை வரைய அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வதும் சிறையின் அதிகாரம்தான். அதனால் உறவினர் கொண்டுவந்து கொடுத்த பூக்களையும் பழங்களையும் வரைந்தார். நோய் காரணமாகச் சிறைக்கு வெளியே ஒரு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்ட பிறகும் அப்பிளும் பியர்ஸும் மாதுளம்பழமும் வரைந்தார். போரைக் கண்டவர், தோழர்கள் சுடப்பட்ட நகரத்தில் இருந்தவர், பழங்களைத்தானே வரைந்தார் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் படங்கள் சிலவற்றில் தன் கையெழுத்துக்குக் கீழே சென்ட் பெலாஜி என்று சிறையின் பெயரையும் எழுதினார். இந்தப் பழத்தை ஒரு கைதியின் கண்ணால் பாருங்கள் என்று சொல்வது போல.

1872 மார்ச்சில் அவருடைய தண்டனைக் காலம் முடிந்தது. இதன் பின் அவர் செய்த ஒரு வேலைதான் இந்த உரைக்கு மையமானது.

சூரிச்சின் குன்ஸ்ட்ஹவுஸ் ஓவியக் கூடத்தில் கூர்பே வரைந்த ஒரு மீன் இருக்கிறது. ட்ரவுட் என்று சொல்லும் ஆற்று மீன். தூண்டில் கொளுவி, கற்களின் மேல் கிடக்கிறது. வாய் திறந்திருக்கிறது, செவுளில் இரத்தம். தூண்டில் கயிறு படத்தின் விளிம்பு வரைக்கும் இழுபட்டுப் போகிறது. கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்று தெரியாது. அந்தப் படத்தில் கூர்பே 71 என்று ஆண்டைக் குறித்து, இலத்தீன் மொழியில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். விலங்கிடப்பட்டிருக்கையில் செய்தது என்பது அதன் பொருள்.

ஆனால் அந்தப் படத்தை அவர் வரைந்தது 1872இல். விடுதலையாகி, பிறந்த ஊரான ஓர்னானுக்குத் திரும்பிய பிறகு. கையில் விலங்கு இல்லை. வாசலில் காவலாளி இல்லை. பிறகு ஏன் அப்படி எழுதினார்?

நேயர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எம்மவருக்கு ஓவியப் படிப்புத் தேவையில்லை. கதவு திறந்த நாளோடு சிறை முடிவதில்லை என்பது எமக்குத் தெரியும். இரவு படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எழும்பி உட்காருகிறவர் எம் வீடுகளில் இருக்கிறார். பேரூந்தில் எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர் இருக்கிறார். நாட்காட்டி ஒன்றைச் சொல்லும், உடம்பு வேறொன்றைச் சொல்லும். கூர்பே உடம்பு சொன்ன திகதியைப் படத்தில் எழுதினார்.

இதே விடயத்தைத் தஞ்சம் கோரும் விசாரணை அறையில் வைத்துப் பாருங்கள். சுவிஸ் தஞ்சச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தஞ்சம் கேட்பவர் தன் அகதி நிலையை நிரூபிக்க வேண்டும், அல்லது குறைந்தது நம்பத்தகுந்ததாகக் காட்ட வேண்டும் என்கிறது. முக்கியமான இடங்களில் முன்னுக்குப் பின் முரணான கதை நம்பத்தகுந்தது ஆகாது. எந்த ஆண்டு, எந்த மாதம், அறையில் எத்தனை பேர், யன்னல் எந்தப் பக்கம் என்று கேள்விகள் வரும். முதலில் சொன்னதையும் பிறகு சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சட்டத்துக்கு அது தேவையாக இருக்கலாம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த அறையில் ஒரு மனிதரின் துன்பம் சாட்சியமாக மட்டுமே நிற்கிறது. 72இல் வரைந்துவிட்டு 71 என்று எழுதினால் அங்கே அது பொய். படத்தில் அது உண்மை.

சிறை மீண்டவருக்குக் கலை செய்யக்கூடிய முதல் உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன். எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற முடிவு அவர் கைக்குத் திரும்பி வருகிறது. விசாரணையில் கேள்வி கேட்டவர் ஒருவர், பதில் எழுதியவர் இன்னொருவர். படத்தில் இரண்டும் அவரே.

இன்றைய உலகில் இதற்குப் பல உதாரணங்கள் உண்டு. கியூபாவில் உள்ள அமெரிக்கத் தளமான குவாந்தனாமோ சிறைக்கு 2002 ஜனவரி முதல் ஏறத்தாழ 780 பேர் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலானோர் மேல் குற்றச்சாட்டே பதியப்படவில்லை. அங்கிருந்து மூவரைச் சுவிஸ் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஒருவர் ஜெனீவாவுக்கு வந்தார். உய்குர் இனத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் எமக்கு அயல் மாநிலமான ஜூராவுக்கு வந்தார்கள்.

அந்தச் சிறை கடற்கரையில் இருக்கிறது. ஆனால் கைதிகள் கடலைப் பார்க்க முடியாதபடி வேலியைத் திரையால் மறைத்திருந்தார்கள். ஒருமுறை புயல் எச்சரிக்கை வந்தபோது அந்தத் திரைகளைச் சில நாட்கள் கழற்ற நேர்ந்தது. பல ஆண்டுகளின் பின் கடலைக் கண்டவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதையும், பிறகு கடலையும் கப்பலையும் வரைந்ததையும் மன்சூர் அதாய்பி என்ற யேமன் நாட்டவர் எழுதியிருக்கிறார். அவர் குற்றச்சாட்டு எதுவும் இன்றி 14 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர். 2016இல் சேர்பியா நாட்டுக்கு அனுப்பப்பட்டு, 2021இல் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார்.

2017இல் நியூயோர்க்கில் உள்ள ஜோன் ஜே கல்லூரியில் அந்தச் சிறை ஓவியங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. உடனே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு, கைதிகள் செய்தவை அரசாங்கத்தின் சொத்து என்று சொல்லி, ஓவியங்கள் வெளியே போவதைத் தடை செய்தது. 2023இல்தான், விடுதலையாகிறவர் தன் படங்களில் ஒரு பகுதியையாவது கொண்டுபோகலாம் என்று அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஒரு கடல் படத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? அது எந்த இரகசியத்தையும் காட்டவில்லை. கைதிக்கும் எம்மைப் போல ஆசை உண்டு என்பதைக் காட்டியது. அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அவுஸ்திரேலியாவில் மொஸ்தபா அசிமிதபார் என்ற குர்திஷ் அகதி, மானுஸ் தீவிலும் பிறகு மெல்பேர்ண் விடுதிகளிலுமாக ஏறத்தாழ 8 ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். வர்ணமும் தூரிகையும் கிடைக்காத இடத்தில் கோப்பித் தூளையும் பல் தீட்டும் பிரஷையும் வைத்து வரையப் பழகினார். 2021 ஜனவரியில் விடுதலையானார். அடுத்த ஆண்டு அந்த நாட்டின் புகழ்பெற்ற ஆர்ச்சிபால்ட் உருவப்படப் போட்டியில் அவருடைய படம் இறுதிச் சுற்றுக்கு வந்தது. அதையும் கோப்பியாலும் பல் பிரஷாலும்தான் வரைந்தார். கடையில் நல்ல தூரிகை வாங்கும் சுதந்திரம் அப்போது அவருக்கு இருந்தது. படத்துக்கு வைத்த பெயர் கே.என்.எஸ். 088. அது தடுப்பில் அவரைக் கூப்பிட்ட இலக்கம். கூர்பே விலங்கு என்று எழுதியதும் இவர் இலக்கத்தைத் தலைப்பாக்கியதும் ஒரே செயல்தான். மற்றவர் குத்திய முத்திரையைத் தானே எடுத்துத் தன் கையால் எழுதுவது.

இனிக் கலை எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு வருவோம்.

விடுதலையான கூர்பே 1872இல் பாரிசின் ஆண்டுக் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பினார். தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் அவரைப் போன்ற ஓவியர்கள்தான். மெய்சோனியே என்ற ஓவியரின் வற்புறுத்தலில் அவை நிராகரிக்கப்பட்டன. படம் சரியில்லை என்பதல்ல காரணம். வரைந்தவர் சரியில்லை என்பதுதான். அரசு கொடுத்த தண்டனை ஆறு மாதத்தில் முடிந்தது. சகபாடிகள் கொடுத்த தண்டனைக்குத் திகதி இல்லை.

1873இல் புதிய அரசாங்கம், வந்தோம் தூணை மீண்டும் எழுப்பும் செலவைக் கூர்பேயின் தலையில் கட்டியது. அப்போதுதான் அவர் லே வெரியேர் வழியாக வந்து, முதலில் எமது மாநிலத்தின் புளூரியே என்ற ஊரில் தங்கினார். பிறகு ஜெனீவா ஏரிக் கரையில் வெவேக்குப் பக்கத்தில் உள்ள லா தூர் டெ பெய்ல் என்ற ஊரில் குடியேறினார். ஏரியை வரைந்தார், ஒரு காலத்தில் சிறையாக இருந்த ஷியோன் கோட்டையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அடைக்கலம் தந்ததற்கு நன்றியாக 1875இல் அந்த ஊருக்கு ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலையைச் செய்து கொடுத்தார். சுதந்திரத்தைக் குறிக்கும் சிலை அது. ஆனால் அவர் சுகமாக இருக்கவில்லை. கடனுக்காக அவசரமாக வரைந்தார், உதவியாளர்களைக் கொண்டும் வரைவித்தார், அளவுக்கு மீறிக் குடித்தார். தூணுக்கான தொகை 3,23,000 பிராங்குக்கு மேல் என்றும், ஆண்டுக்கு 10,000 வீதம் 33 ஆண்டுகள் கட்ட வேண்டும் என்றும் முடிவாயிற்று. முதல் தவணை 1878 ஜனவரி 1ஆம் திகதி. அதற்கு முதல் நாள், 1877 டிசம்பர் 31இல், அவர் இறந்தார். கொம்யூன்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்தது 1880இல். அவருடைய உடல் சொந்த ஊருக்குப் போனது 1919இல்.

ஆகவே கலை அவரைக் காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. கலை கடனை அடைக்காது, விசா தராது, பூட்டை உடைக்காது. சில வேளை கலையே பூட்டாகவும் ஆகிவிடும். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜசீம் என்ற இளம் ஆசிரியர் நவரசம் என்ற தமிழ்க் கவிதை நூலை 2017இல் வெளியிட்டார். அந்த நூலைக் காரணம் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. குற்றமற்றவர் என்று புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில்.

இன்னொரு பூட்டு எம் கையில் இருக்கிறது. சிறையிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்து, எப்படி உங்களை விட்டார்கள் என்று கேட்பது எம்மிடம் உள்ள வழக்கம். கேட்பவருக்கு அது ஒரு கேள்வி. கேட்கப்படுபவருக்கு அது இரண்டாவது விசாரணை. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2009க்குப் பின் வெலிக்கடைச் சிறையிலும் பிறகு புனர்வாழ்விலும் இருந்து, 2013இல் விடுதலையானார். கவிதையும் கதையும் எழுதினார். தன் நினைவுகளையும் எழுதினார். 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். ஒரு கூர்வாளின் நிழலில் என்ற அந்த நூல் 2016இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அதை ஏற்றவர்களும் உண்டு, கடுமையாக மறுத்தவர்களும் உண்டு. மறுக்க எவருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் நூலைத் திறக்க முதலே எழுதியவரைத் தீர்ப்பிட்டவர்களும் எம்மில் இருந்தார்கள். அது மெய்சோனியே செய்த வேலை.

சிறை மீண்டவர் செய்த பொருள் பெரிய ஓவியமாக இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் உறவினர் வீடொன்றில் அலுமாரிக்கு மேலே தீக்குச்சிகளால் செய்த ஒரு மாட்டுவண்டி இருக்கிறது. அவர் சிறையிலிருந்து தப்பி இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், முகாம் அறையில் இருந்து செய்தது. வீடு மாறும்போது அதைக் குப்பைக்குப் போடப் பார்த்தார்கள். மகன்தான் எடுத்து வைத்தான். வண்டியில ஏனப்பா மாடு இல்லை என்று அவன் கேட்டபோது, மாட்டை அவிட்டு விட்டிட்டன் மகன் என்றார் தகப்பன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் ஊரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான், அவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினார். சிறையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே விடலாம். அது அவருடைய உரிமை.

இதிலிருந்து எம் குடும்பங்களுக்குச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருவரை வரையச் சொல்லியோ எழுதச் சொல்லியோ நெருக்க வேண்டாம். கட்டாயப்படுத்தினால் அதுவும் விசாரணை ஆகிவிடும். தாளும் பென்சிலும் மேசையில் கிடந்தால் போதும்.

அவர் செய்த பொருளைப் பார்க்கும்போது, உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். இது எப்படிச் செய்தீர்கள், எதால் செய்தீர்கள் என்று கேளுங்கள். கைவேலையைப் பற்றிக் கேட்டால் ஒரு மனிதரால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

பழைய கொப்பியில் எழுதிய கவிதை, கடிதத்தின் பின்பக்கம் கீறிய படம், மரத்தில் செதுக்கிய சிற்பம் எதையும் வீசாதீர்கள். அவர் சம்மதித்தால், யார் செய்தது, எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அவரைக் கேட்காமல் படம் எடுத்து வெளியே அனுப்ப வேண்டாம். ஊரில் உறவினர் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நித்திரை இல்லை, கோபம் அடங்கவில்லை, குடி கூடிவிட்டது என்றால், படம் வரைவது மட்டும் போதாது. சித்திரவதைக்கும் போருக்கும் ஆளானவர்களுக்கென்று பேர்ணில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிகிச்சை நிலையம் 1995 முதல் இருக்கிறது. வேறு நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. குடும்ப வைத்தியரிடம் கேட்டால் வழிகாட்டுவார். அங்கே மொழிபெயர்ப்பவர்களும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

பிள்ளைகளோடு சூரிச்சுக்குப் போகும் ஒரு நாளில் அந்த மீன் இருக்கும் கூடத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மீனைப் பிடித்தவர் யார் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். அப்பாவோ அம்மாவோ பதில் சொல்ல நேரம் எடுத்தால், அந்த நேரத்தைக் கொடுங்கள்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.